இருபத்து நான்கு சதவீத ஈரம்

மார்ச் 12, புதன்

உரக்கடையில் கொடுத்த டைரி மூன்று மாதமாகச் சும்மா கிடக்கிறது. பொன்மாரி நர்சிங் படிக்க விடுதிக்குப் போனதிலிருந்து வீட்டில் பேச ஆள் இல்லை. இதிலாவது பேசுவோம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று வெள்ளூரணி முறை. காலை ஆறே கால் பேருந்து. ஆகரைப் பார்த்ததும் நடத்துனர், "என்னம்மா, போர் போடப் போறீயளா?" என்றார். நடத்துனர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், கேள்வி மட்டும் மாறுவதில்லை. என் நெஞ்சுயர இரும்புத் தண்டு, நுனியில் திருகு, தலையில் குறுக்குப் பிடி. மண்ணில் நட்டுத் திருகினால் உள்ளே இறங்கி மண்ணை அள்ளிக்கொண்டு வரும். அந்த மண்ணை அலுமினிய டப்பாவில் அடைத்து, அலுவலகத்துக்குக் கொண்டுவந்து எடை போட்டு, ஓவனில் நூற்றைந்து டிகிரியில் ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, மறுபடி எடை போட வேண்டும். குறைந்தது எவ்வளவோ அதுதான் ஈரம். பத்தொன்பது வருடமாக இதுதான் என் பிழைப்பு. முதல், மூன்றாம் புதன் மலையடிவாரத்துச் செம்பொட்டல், அது செம்மண். இரண்டாம், நான்காம் புதன் வெள்ளூரணி, அது கரிசல்.

குருவம்மா வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது இளையவள். அந்த நிலம் அவளுக்கும் அவள் கணவர் சீனிச்சாமிக்கும் உரியது. அதன் மூலையில்தான் எங்கள் அலுவலகம் அடித்த இரும்பு முளை இருக்கிறது. 'வெ-1' என்று தகடு தொங்கும். முளையைச் சுற்றி இரண்டடிக்குள் மட்டுமே மண் எடுக்க வேண்டும் என்பது விதி.

"வாங்கக்கா. மொதல்ல காப்பியக் குடிங்க. மண்ணு எங்கயும் ஓடிறாது" என்றாள்.

நிலம் முழுக்க வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் முழங்கை வரை போகும். ஆனால் முளைப் பக்கத்தில் ஆகர், பணியாரம் வெந்ததா என்று குத்திப் பார்க்கும் கம்பி மாதிரி இறங்கியது. பத்து நிமிட வேலை. கரிசல் அப்படித்தான். மேலே காய்ந்தாலும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மார்ச் 13, வியாழன்

வெள்ளூரணி. 15 செ.மீ. ஆழத்தில் 24.1 சதவீதம். 30 செ.மீ. ஆழத்தில் 22.7. பதிவேட்டில் எழுதி ஒப்பமிட்டேன். ஓவன் கதவின் ரப்பர் பிய்ந்துவிட்டதாக நாலாவது கடிதம் கொடுத்தேன். மத்தியானம் புளிச்சோறு.

மார்ச் 17, திங்கள்

கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து புது விஞ்ஞானி வந்திருக்கிறார். டாக்டர் நவநீதன். முப்பது வயது இருக்கும். இதற்கு முன் வந்தவர்கள் எல்லாம் என் பதிவேடுகளைத் தலைக்கு வைத்துத் தூங்காத குறை. இவர் வந்ததும் வராததுமாகப் பத்தொன்பதையும் மேசையில் அடுக்கச் சொன்னார். தூசி தட்டியதில் எனக்கு ஒன்பது தும்மல்.

"இந்த ஏரியாவுலயே இவ்வளவு நீளமான மண் ஈரத் தரவு வேற எங்கயும் இல்லீங்க. ஒரு புதன் கூட விடாம எடுத்திருக்கீங்களே, கனியக்கா!"

என் முழுப்பெயர் ஆவுடைக்கனி. அதை அன்போடு சுருக்கிய முதல் அதிகாரி இவர்தான். உச்சி குளிரத்தான் செய்தது. மறைப்பானேன்.

விஷயம் இதுதான். மாவட்டக் குழு ஒரே ஒரு வட்டாரத்துக்கு நீர்வடிப்பகுதித் திட்டம் கொடுக்கப்போகிறது. தடுப்பணை, பண்ணைக்குட்டை, வரப்புக்கரை என்று ஐந்து வருட வேலை. செம்பொட்டலுக்கா, வெள்ளூரணிக்கா என்று போட்டி. இரண்டில் எந்த மண் இத்தனை வருடத்தில் அதிகமாக ஈரத்தை இழந்திருக்கிறதோ அதற்குத்தான். மழைக்கணக்கை வைத்துப் பேசினால் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களாம். மண்ணையே கேட்டுவிடலாம் என்று குழு முடிவு செய்திருக்கிறது. மண் சார்பில் பேசுவது என் பதிவேடு.

அறிக்கையோடு என் பணிநிரந்தரக் கோப்பையும் சேர்த்து அனுப்புவதாகச் சொன்னார். பத்தொன்பது வருடமாகத் தற்காலிகம். என் வீட்டுக்காரர் இறந்த வருடம் மேலதிகாரி ஒருவர், "அடுத்த வருசம் பாக்கலாம்மா" என்றார். அந்த அடுத்த வருடம் இப்போதுதான் வருகிறது.

மார்ச் 20, வியாழன்

நான் பதிவேட்டைப் படிக்க, அவர் கணினியில் ஏற்றுகிறார். தொண்டை கட்டிவிட்டது. 2005 முடிந்து 2006.

"மார்ச் நாலாம் புதன், வெள்ளூரணி, ஒன்பது புள்ளி நாலு."

"ம்."

"ஏப்ரல் ரெண்டாம் புதன், இருபத்து மூணு புள்ளி எட்டு."

விசைப்பலகை நின்றது. "ஒன்பதுல இருந்து இருபத்து மூணா? மழைங்களா?"

"இருக்கும் சார். அந்தப் பக்கம் கோடை மழை பெய்யும்."

அவர் தலையாட்டிவிட்டுத் தட்டினார். மழைமானிப் பதிவேடு என் முழங்கைக்குக் கீழேதான் இருந்தது. அந்த ஏப்ரலில் முப்பது நாளும் பூஜ்யம். நான் போட்ட பூஜ்யங்கள்தான். அதை எடுத்து அலமாரியில் வைத்தேன். மேசையில் இடம் போதவில்லை.

மார்ச் 26, புதன்

வெள்ளூரணி. ஊர்ப் பொதுக்குழாயில் ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர். வீட்டுக்கு ஆறு குடம். குருவம்மா வீட்டு ஆடுகள் மொத்தமும் போன மாதமே சந்தைக்குப் போய்விட்டன. இரண்டு வருடமாக மிளகாயும் இல்லை, கம்பும் இல்லை. சீனிச்சாமி திருப்பூரில் ஒரு மில்லில் காவலுக்கு நிற்கிறார். அந்தப் பண்ணைக்குட்டை வந்தால் திரும்பி வந்துவிடுவதாகப் போனில் சொல்கிறாராம்.

திட்டம் பற்றி ஊருக்கே தெரிந்திருக்கிறது. குருவம்மா முகத்தில் அப்படி ஒரு தெம்பு.

"எங்க ஊரவிடக் காஞ்ச ஊரு எங்கக்கா இருக்கு? கண்ணிருக்கவன் பாத்தாலே போதும். அதுலயும் அளந்து சொல்றது நீங்க. பெறகென்ன கவல?"

"நான் அளக்கிறது மட்டும்தான் குருவு. முடிவு பண்றது மேல."

"அளக்கிறவுக சரியா அளந்தா, முடிவு பண்றவுக என்னத்த மாத்திப் பண்ணிருவாக?"

முளைப் பக்கத்தில் ஒரு நனைந்த சாக்கு விரித்துக் கிடந்தது. அதை மடித்து ஓரமாக வைத்துவிட்டு மண் எடுத்தேன். நாளை எடை போட்டால் இருபத்து மூன்றுக்குக் குறையாது.

ஏப்ரல் 2, புதன்

செம்பொட்டல் போய் வந்தேன். மூன்று மணிக்குத் திரும்பினால் சார் கணினியைத் திருப்பிக் காட்டினார். இரண்டு கோடுகள். செம்பொட்டல் கோடு பத்தொன்பது வருடமாகச் சறுக்கிக்கொண்டே வருகிறது. கோடைக்கால ஈரம் பாதியாகிவிட்டது. அது பொய் இல்லை. அந்த மண்ணை நான் கையால் தொட்டவள், அங்கேயும் கஷ்டம்தான். வெள்ளூரணிக் கோடு முதல் வருடம் தரையில் கிடந்து, அடுத்த வருடம் சட்டென்று ஏறி, பிறகு நேராக ஓடுகிறது. எந்தக் கோடையும் அதை அசைக்கவில்லை.

"ரெண்டு மண்ணும் வேற வேற. அதனால ஒண்ணோட ஒண்ண நேரடியா ஒப்பிடக்கூடாது. ஒவ்வொண்ணும் தன்னோட பழைய நிலையில இருந்து எவ்வளவு எறங்கியிருக்குன்னுதான் பார்க்கோணும். அப்படிப் பார்த்தா வெள்ளூரணி எறங்கவே இல்லீங்க. ஆச்சரியமான மண்ணுங்க அது. கரிமச்சத்துக் கூடியிருக்கும்னு நெனைக்கறேன். வறட்சிய அது பாட்டுக்குத் தாங்குது பாருங்க!"

தாங்குகிறதாம். ஆட்டை விற்றுவிட்டு, புருஷனைத் திருப்பூருக்கு அனுப்பிவிட்டு, தாங்குகிறதாம். நல்ல பிள்ளைதான், உழைப்பாளிதான், ஆனால் அந்த நேரத்தில் கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது. யார் கன்னத்தில் என்றுதான் தெரியவில்லை.

"அறுபது செ.மீ. ஆழத்துல ஏன் எடுக்கலீங்க?" என்று கேட்டார்.

"முதல் வருசமே ஆகர் முறிஞ்சுபோச்சு சார். அதோட நிறுத்தச் சொல்லி உத்தரவு."

உத்தரவு நகல் கோப்பில் இருக்கிறது. அது உண்மை. அந்த ஆழத்தில் எடுத்திருந்தால் ஒரு குடத்துத் தண்ணீர் அங்கே எட்டியிருக்காது.

ஏப்ரல் 3, வியாழன்

சாப்பிடப் பிடிக்கவில்லை. வெயில்.

ஏப்ரல் 6, ஞாயிறு

துணி துவைத்தேன். அரிசி புடைத்தேன். பரணை ஒழித்தேன். இனி செய்ய வேலை எதுவும் இல்லாததால் எழுதுகிறேன்.

2006 மார்ச் கடைசி. பொன்மாரி வயிற்றில் ஐந்து மாதம். வெள்ளூரணி கோடையில் காய்ந்தால் அது மண்ணே இல்லை, வெடித்த பாறை. ஆகரில் முழு உடம்பையும் போட்டுத் திருகினால் விரற்கடை இறங்கும். ஏழு மணிக்குத் தொடங்கி பதினொன்றரை ஆகியும் முப்பது செ.மீ. எட்டவில்லை. கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். அப்போது குருவம்மா கல்யாணமாகி வந்த புதுசு. ஓடிவந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "யாருக்காகக்கா இந்தப் பாடு? வயித்துப் பிள்ளக்காரி இப்படிச் சாகணுமா?" என்று அழுதாள். எனக்காக அழுத ஆட்கள் குறைவு. அதனால் அது மறக்கவில்லை.

அடுத்த முறை போனபோது மண் இளகியிருந்தது. நான் அதிசயப்பட்டேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேட்டதற்கு, "சாமி எறங்கி வந்து நனச்சுட்டுப் போயிருக்கும்" என்றாள்.

அந்த ஒருமுறைதான் ஊற்றினாள் என்று நினைத்தேன். பிள்ளை பிறக்கும் வரை ஊற்றுவாள் என்று நினைத்தேன். பிறகு நினைப்பதை விட்டுவிட்டேன். மழைக்காலத்தில் ஊற்ற மாட்டாள், தேவை இருக்காது. கோடையில் மட்டும், செவ்வாய் சாயங்காலம், நான் வருவதற்கு முந்தின நாள். புதன்கிழமை தவறாமல் வருகிறவள் என்று எனக்கு நல்ல பெயர் இருக்கிறதே, அந்த ஒழுங்கு அவளுக்கும் வசதியாகப் போயிற்று.

ஆனால் நான் கண்ணால் பார்த்தது கிடையாது. ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளூரணி போனேன். குருவம்மா நூறுநாள் வேலைக்குப் போயிருந்தாள். நல்லதாகப் போயிற்று.

ஆகர் இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக் கடப்பாரையை வாங்கி முதலில் குத்தி, பிறகு ஆகர், பிறகு கடப்பாரை. நாற்பத்தெட்டு வயது. ஏழரைக்குத் தொடங்கி ஒன்று இருபதுக்கு முடித்தேன். வலது உள்ளங்கையில் மூன்று கொப்புளம், ஒன்று உடைந்துவிட்டது. தோண்டிய குழியை மூடி, மேலே காய்ந்த மண்ணைத் தூவி, வந்த சுவடு தெரியாமல் திரும்பினேன். திருடியதைத் திருப்பி வைக்கப் போகிறவன்கூட இப்படித்தான் பதுங்குவான் போலிருக்கிறது.

ஏப்ரல் 8, செவ்வாய்

15 செ.மீ. 7.9. 30 செ.மீ. 10.2. இரண்டு முறை எடை போட்டேன். 2006-ல் இருந்ததைவிடக் குறைவு. கரிசலுக்கு இது கிட்டத்தட்ட சாவு.

பதிவேட்டில் எழுதினேன். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு வெள்ளூரணிக்கு நான் எழுதும் உண்மையான கோடை எண். நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை, எண்ணே பேசிவிடும். சார் கெட்டிக்காரர், பார்த்தவுடன் பிடித்துவிடுவார்.

ஏப்ரல் 11, வெள்ளி

பிடித்துவிட்டார். சிவப்பு மையில் வட்டம் போட்டுப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்: "முந்தைய பத்தொன்பது ஆண்டுத் தரவோடு பொருந்தவில்லை. கருவிப் பிழை. நீக்கப்பட்டது."

"ஓவன் ரப்பர் போனதா நீங்களே கடிதம் குடுத்திருக்கீங்களே அக்கா. அதாத்தான் இருக்கும். அதோட முறை இல்லாத ஒரு நாள்ல எடுத்திருக்கீங்க. ரெண்டு நாள் கழிச்சு, புதன்கிழமை முறைப்படி எடுத்தது பழையபடி இருபத்து மூணுதானுங்களே. பரவால்லைங்க, ஒரு புள்ளிதானே, தூக்கிட்டா ஒண்ணும் ஆகாது."

"சார், அந்த ஒண்ணு சரியா இருந்து, மத்ததெல்லாம் தப்பா இருந்தா?"

சிரித்தார். "நானூறு எண்ணு தப்பு, ஒரு எண்ணு சரிங்களா? அப்படி எங்காவது நடக்குங்களா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. இருவரும் சிரித்தோம். டீ வந்தது, குடித்தோம்.

ஏப்ரல் 16, புதன்

செம்பொட்டல். அங்கே தோப்புக்காவல் பெரியவர் ஆகரை வாங்கி அவரே திருகிக் கொடுத்தார். அவருக்கு இரக்கம் தோளில் இருந்தது, குடத்தில் இல்லை. அதனால் அந்த ஊர் பிழைத்தது.

குழுக் கூட்டம் மே ஐந்தாம் தேதி. என் பணிநிரந்தர ஆணை தட்டச்சாகிவிட்டதாம், ஒப்பம்தான் பாக்கி. பொன்மாரியிடம் சொன்னேன். "யம்மா, இனிமே அந்தக் கம்பியத் தூக்கிக்கிட்டு பஸ்ல அலைய வேணாம்லா?" என்று குதித்தாள். வேண்டாம், ஆபீசிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்றேன். போனை வைத்த பிறகு வெகுநேரம் கொடியில் கிடந்த துணியை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.

ஏப்ரல் 23, புதன்

வெள்ளூரணி முறை. போகவில்லை. காய்ச்சல் என்று விடுப்பு. காய்ச்சல் இல்லை. பிரசவத்தின்போது வேறு ஆள் போனதை விட்டால், இது நான் விடும் முதல் புதன்.

ஒன்பது மணிக்குக் குருவம்மா போன்.

"யக்கா, ஒடம்பு சொகமில்லையா? இந்நேரம் வந்திருப்பீகளே."

"ஆமா குருவு. கொஞ்சம் முடியல."

"அய்யய்யோ. நாளைக்காச்சும் வருவீகளா? நேத்துத்தான் தண்ணி ஊத்தி வச்சேன். இந்த வெயிலுக்கு நாளைக்குள்ள காஞ்சு கல்லாயிரும். நீங்க ஒரு வார்த்த சொன்னா இன்னொரு கொடம் ஊத்தி வைப்பேன்."

பத்தொன்பது வருடத்தில் அவள் வாயால் சொல்லி நான் காதால் கேட்பது இதுதான் முதல் தடவை. இதுவரை அவள் சிரிப்பாள், நான் பேச்சை மாற்றுவேன். எவ்வளவு சுத்தமாக நடத்தியிருக்கிறோம்.

"வேண்டாம். ஊத்தாத" என்றேன்.

"ஏங்க்கா, ஒங்களுக்கில்லாத தண்ணியா?"

வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

சாரிடம் சொன்னேன். முழுதும். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஐந்து நிமிடத்துக்காக எத்தனை வருடம்.

அவர் கணினியில் அந்த இரண்டு கோடுகளையும் மறுபடி திறந்தார். அப்புறம் கேட்டார், "எந்தெந்தத் தேதியில ஊத்துனாங்கன்னு தெரியுங்களா?"

"காஞ்ச நாள் எல்லாம் சார். எனக்குத் தெரிஞ்சவரைக்கும்."

"தெரிஞ்சவரைக்கும்னா? எவ்வளவு தண்ணி? ஒரு குடமா, ரெண்டு குடமா? எல்லாத் தடவையும் ஒரே அளவா?"

எனக்குத் தெரியவில்லை.

"அப்படின்னா இதைத் திருத்தவும் முடியாதுங்க. வெள்ளூரணித் தரவு மொத்தத்தையும் தூக்கோணும்." 

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். மடச்சி. "அப்போ அந்த 7.9-ஐ வச்சு..."

"ஒரே ஒரு எண்ண வச்சு நீண்டகால மாற்றம்னு எப்படீங்க சொல்றது? பழசு இல்லாம எங்கிருந்து எறங்குச்சுன்னு காட்டறது? தரவே இல்லாத ஊர ஒப்பீட்டுல சேர்க்க முடியாது. செம்பொட்டல் மட்டும்தான் இருக்கும்."

அதாவது பொய் சொன்னாலும் வெள்ளூரணிக்கு இல்லை, உண்மை சொன்னாலும் வெள்ளூரணிக்கு இல்லை. உண்மைக்கு ஒரு நேரம் இருக்கிறது. அது 2006-லேயே போய்விட்டது.

கிளம்பும்போது அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. "ஏன் அக்கா மொதல்லயே சொல்லல?" என்றார். அந்தப் பிள்ளையின் முதல் பெரிய வேலை இது. அதையும் சேர்த்துத்தான் கெடுத்திருக்கிறேன்.

ஏப்ரல் 28, திங்கள்

ஆணை நிறுத்தி வைப்பு. எழுத்துமூல விளக்கம் கேட்டு ஓலை. பொன்மாரியிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 6, செவ்வாய்

திட்டம் செம்பொட்டலுக்கு. குழு அரை மணி நேரத்தில் முடித்துவிட்டதாம். வெள்ளூரணி பற்றி அறிக்கையில் ஒரே வரி: "நம்பகமான நீண்டகாலத் தரவு இல்லை." செம்பொட்டல்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் குளமும் காய்ந்துதான் கிடக்கிறது.

மே 12, திங்கள்

விளக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வரி. மூன்று பக்கம் எழுதிக் கிழித்ததில் மிஞ்சிய இரண்டு வரி. சார் ஒரு உத்தரவு கொடுத்தார். வெ-1 மாதிரி இடம் கைவிடப்படுகிறது, முளையைப் பிடுங்கி அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். வேறு யாரையாவது அனுப்பட்டுமா என்றார். நானே போகிறேன் என்றேன்.

மே 14, புதன்

ஆறே கால் பேருந்து. ஆகர் இல்லாமல் வெறுங்கையோடு ஏறியதால் நடத்துனர் ஒன்றும் கேட்கவில்லை.

குருவம்மா வரப்பில் நின்றிருந்தாள். இடுப்பில் குடம். ஒரு தம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டு, "ஒடம்பு தேவலையாக்கா? மெலிஞ்சுபோயிட்டீக" என்றாள். திட்டம் கை நழுவியது ஊருக்குத் தெரிந்திருந்தது. யாரோ பெரிய இடத்தில் ஆள் பிடித்துச் செம்பொட்டலுக்கு வாங்கிவிட்டார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். "நீங்க சரியாத்தான் எழுதியிருப்பீக. மேல உள்ள களவாணிப் பயலுக மாத்திட்டானுக" என்று என்னைத் தேற்றினாள். அவள் என்னைத் தேற்றினாள்.

அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கலாம். முளையைப் பிடுங்கிக்கொண்டு, ஆமாம் களவாணிகள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒன்பது மணி பேருந்தைப் பிடித்திருக்கலாம். அந்த நினைப்பும் வந்தது. மறைப்பானேன்.

"மேல யாரும் மாத்தல குருவு" என்றேன். "நீ ஊத்துன தண்ணிதான். அந்த ஈரத்தைத்தான் நான் எடுத்துட்டுப் போனேன். ஒங்க ஊர் மண்ணு நனஞ்சே இருக்குன்னு பத்தொன்பது வருசமா எழுதியிருக்கு."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். டப்பா, எடை, ஓவன், எல்லாம் சொன்னேன். இத்தனை வருடமும் அந்த மண்ணை என்ன செய்கிறேன் என்று அவளுக்கு நான் விளக்கியதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மண்ணில் என்ன உரம் போட வேண்டும் என்று பார்க்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். அதற்குத் தண்ணீர் ஊற்றினால் என்ன கெட்டுவிடப்போகிறது என்று நினைத்திருக்கிறாள். நியாயம்தானே.

குடத்தைக் கீழே வைத்தாள்.

"நான் ஊத்துன தண்ணியா?"

"ஆமா."

"நானே என் வாயில மண்ணப் போட்டுக்கிட்டேனாக்கா?"

"நீ இல்ல."

வரப்பில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள், அழவில்லை. பிறகு கேட்டாள்.

"நான் படிக்காதவ. தெரியாம ஊத்துனேன். ஒனக்குத் தெரியுமாக்கா? நான் ஊத்துறேன்னு ஒனக்குத் தெரியுமா?"

இந்த டைரியில் எழுதி வைத்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது கிடையாது என்று. அந்த வரி வாய் வரைக்கும் வந்தது.

"தெரியும்" என்றேன்.

"எப்ப இருந்து?"

"ரெண்டாவது தடவையில இருந்து."

தலையை ஆட்டினாள். கத்துவாள், வாரித் தூற்றுவாள் என்று நின்றேன். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். அவள் மெதுவான குரலில், கணக்குச் சொல்வதைப் போல இல்லை, ஞாபகம் வந்ததைச் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"ஆறு கொடத்துல ஒரு கொடம். நீ வாறதுக்கு முந்துன செவ்வாக்கெழம எங்க வீட்டுல யாரும் குளிக்க மாட்டோம். எம் மகன் சின்னதுல கேப்பான், ஏம்மா இன்னைக்கு மட்டும் குளிக்கக் கூடாதுன்னு. மண்ணக்கா வருது, அதுக்குக் கை வலிக்கும்ப்பேன்."

எழுந்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். எனக்குத் தண்ணீர் கொடுத்த தம்ளரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வீட்டைப் பார்த்து நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

நான் முளையிடம் போனேன். பத்தொன்பது வருடம் மண்ணில் நின்ற இரும்பு, கோடையில் அசைக்க முடியாது, கடப்பாரை கேட்டு வாங்க வேண்டியிருக்கும், இந்த ஊரில் இனி எனக்கு யார் கொடுப்பார்கள் என்று யோசித்தபடி குனிந்தேன். பக்கத்தில் அந்தச் சாக்கு விரித்திருந்தது. எடுத்தேன், கனத்தது. ஊற்ற வேண்டாம் என்று போனில் சொல்லியிருந்தேன். அவள் கேட்கவில்லை. நேற்றுச் சாயங்காலமும் ஊற்றியிருக்கிறாள்.

முளையைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பில் வந்துவிட்டது.